காயத்தில் போடுவதும் காயத்திலிருந்து நீக்குவதும்

மருத்துவம் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் உறுப்பு மாற்று அறுவை, மரபணுச் சிகிச்சை என்று பெரிய பொருளை எதிர்பார்ப்பது இயல்பு. நான் எடுத்துக்கொண்டிருப்பது அரிவாள்மணை பட்ட விரல், வண்டியிலிருந்து விழுந்து சிராய்த்த முழங்கால், முள் குத்திய பாதம். மனிதர்கள் அன்றாடம் படும் காயங்களில் மிகப் பெரும்பாலானவை மருத்துவர் கண்ணில் படுவதே இல்லை. வீட்டிலோ வயலிலோ பட்டறையிலோ பக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டியதை வைத்துச் செய்வதுதான் அவற்றுக்குக் கிடைக்கும் சிகிச்சை. ஆகவே காயத்தைப் பற்றிப் பொதுமக்கள் என்ன நம்புகிறார்கள் என்பது, மருத்துவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதைவிட இங்கே அதிக விளைவு உடையது. யாருக்காவது அடிபட்டால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, ‘என்ன போட்டே?’ என்பதுதான். டிஞ்சர், ஸ்பிரிட், டெட்டால், மஞ்சள்தூள், காப்பித்தூள், சிபசால் பவுடர், நெபாசல்ஃப் பவுடர், பெயர் தெரியாத ஏதோ ஒரு ஆயின்மென்ட் என்று தலைமுறைக்குத் தலைமுறை விடை மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. சிறு காயம் சீழ் பிடிக்குமா பிடிக்காதா என்பதை நாம் அதில் போடும் பொருளைவிட, அதிலிருந்து நீக்கும் பொருளே பெரிதும் முடிவு செய்கிறது என்பது இந்த உரையின் வாதம். அதற்கான சான்றுகளையும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

தொற்று எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நம் தோலின் மேல் எந்நேரமும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. கத்தியிலும் கல்லிலும் காற்றிலும் அவை உண்டு. எனவே கிருமி நுழையாத காயம் என்று ஒன்று இல்லை. அப்படியிருந்தும் பெரும்பாலான கீறல்கள் எந்த மருந்தும் இல்லாமல் ஆறிவிடுகின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் காயத்துக்குள் இறங்கி, வந்த கிருமிகளை விழுங்கிவிடுவதே காரணம். இந்தப் பாதுகாப்பு எவ்வளவு வலுவானது, எப்போது தோற்கிறது என்பதை எலெக், கோனன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. தாமாக முன்வந்தவர்களின் தோலில், சீழ்க்கட்டியை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை வெவ்வேறு எண்ணிக்கையில் அவர்கள் செலுத்திப் பார்த்தார்கள். நலமான தோலில் சீழ் உண்டாவதற்குப் பத்து லட்சக் கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாயின. கிருமி அதேதான், ஆளும் அதே மாதிரி ஆள்தான். நடுவே கிடந்த ஒரு துண்டு நூல், தொற்றுக்குத் தேவையான கிருமி எண்ணிக்கையை ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. வெள்ளணுக்கள் எட்ட முடியாத ஒரு மறைவிடம் கிடைத்தால் சிறு கிருமிக் கூட்டமும் பெருகிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

காயத்துக்குள் பட்டு நூலை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் மண், சரளைத்தூள், துருப்பிடித்த இரும்புச் செதில், துணி நூல், செத்த தோல், உறைந்த ரத்தக்கட்டி ஆகியவை அங்கே தங்கிவிடுகின்றன. இவை அனைத்தும் அந்த நூலின் வேலையைச் செய்பவை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் பவுல் லியோபோல்ட் ஃபிரீட்ரிக் 1898இல் வெளியிட்ட சோதனைகளில் கினிப் பன்றிகளின் காயங்களில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்தார். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அந்த அழுக்கேறிய சதையை வெட்டி நீக்கிய விலங்குகள் பிழைத்தன. அதற்குப் பிறகு நீக்கியவை பிழைக்கவில்லை. அந்த நேரம் கடந்தால் கிருமிகள் அழுக்கிலிருந்து சதைக்குள் ஆழமாக இறங்கிவிடுகின்றன. 1970களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ராட்ஹேவர், எட்லிக் முதலியோர் மண்ணையே பகுத்து ஆராய்ந்து, தொற்றுக்குத் துணைபோவது அதிலுள்ள நுண்ணிய களிமண் துகள்களும் மட்கிய கரிமப் பொருளும் என்று கண்டார்கள். அவை வெள்ளணுக்களின் வேலையையும் சில கிருமிகொல்லிகளின் வீரியத்தையும் கெடுக்கின்றன. ஆக, அழுக்கு இருக்கும் காயத்தின் மேல் மருந்தை ஊற்றுவதில் இரட்டைத் தோல்வி இருக்கிறது. உடலின் காவலும் அங்கே எட்டுவதில்லை, ஊற்றிய மருந்தும் செயல்படுவதில்லை.

அழுக்கை நீக்குவதற்கு மனிதன் கண்ட மிக எளிய கருவி ஓடும் தண்ணீர். ஆனால் நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை, ‘காயத்தில் தண்ணீர் பட்டால் சீழ் வைக்கும்’ என்பது. குளிக்கும்போது கையைத் தூக்கிப் பிடிப்பதும், கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்வதும் இதன் விளைவு. இந்த நம்பிக்கையை நேராகவே சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சிறு தோல் அறுவை செய்து தையல் போட்டுக்கொண்ட 857 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை முதல் 48 மணி நேரம் காயத்தை நனைக்காமல் மூடி வைக்கச் சொன்னார்கள். மற்றவர்களைச் சீக்கிரமே கட்டை எடுத்துவிட்டு வழக்கம்போல் குளிக்கச் சொன்னார்கள். 2006இல் வெளியான முடிவின்படி நனைக்காதவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கும், நனைத்தவர்களில் 8.4 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். காயத்தைக் கழுவக் குழாய்த் தண்ணீர் போதுமா, கிருமியகற்றிய உப்புநீர்தான் வேண்டுமா என்ற கேள்வியைச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு பலமுறை ஆராய்ந்திருக்கிறது. குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரால் கழுவியதால் தொற்று கூடியதற்குச் சான்று இல்லை என்பதே அந்தத் தொகுப்புகளின் சாரம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், நியாயமான எதிர்வாதம். ஆஸ்திரேலியக் குழாயும் நம் ஊர்க் குழாயும் ஒன்றா? ஒன்றல்ல. குளம், குட்டை, வயல் வாய்க்கால், வெள்ளம் தேங்கிய தெரு ஆகியவற்றின் தண்ணீர் காயத்துக்கு உண்மையிலேயே ஆபத்து. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி, எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தோலின் கீறல் வழியே நுழைவது. நெல்வயலின் ஈரமண்ணில் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் அதே வழியில் வரும். பெரும்பாலோர் குளத்திலும் வாய்க்காலிலும் குளித்த காலத்தில், ‘காயத்தில் தண்ணீர் படக் கூடாது’ என்ற எச்சரிக்கை அனுபவத்தில் விளைந்த அறிவாகவே இருந்திருக்க வேண்டும். தேங்கிய நீருக்குச் சொன்னதை எல்லா நீருக்கும் விரித்துக்கொண்டதுதான் பிசகு. தண்ணீரின் தூய்மையில் ஐயம் இருந்தால் விடை கடினமானதல்ல: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். அதற்கும் நேரமில்லை என்றால் நாம் குடிக்கும் தண்ணீர். எதை நம்பிக் குடிக்கிறோமோ அதை நம்பிக் காயத்தைக் கழுவலாம். பாத்திரத்தில் கையை முக்கி வைப்பது போதாது. அழுக்கைத் தள்ளி வெளியேற்ற நீர் ஓட வேண்டும். குழாயின் கீழோ, சொம்பிலிருந்து விடாமல் ஊற்றியோ சில நிமிடங்கள் கழுவ வேண்டும். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. நவீன அறுவை மருத்துவமே கிருமிநாசினியில்தானே பிறந்தது? 1865இல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து வெளிவந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்ந்த கட்டுப் போட்டுக் காலைக் காப்பாற்றினார். 1867இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் அறுவை மருத்துவத்தின் போக்கையே மாற்றின. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுவைக்கூடம் முழுவதும் கார்பாலிக் புகையைத் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்த லிஸ்டரே, 1890இல் பெர்லின் மாநாட்டில் அதைப் பரிந்துரைத்ததற்கு வருந்தினார். அதற்குள் ஜெர்மனியில் பெர்க்மன் முதலியோர் கருவிகளையும் துணிகளையும் நீராவியால் கிருமியகற்றும் வழிக்கு வந்துவிட்டார்கள். காயத்துக்குள் போன கிருமியை ரசாயனத்தால் கொல்வதைவிட, கிருமி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது மேல் என்பதை அறுவைக்கூடம் ஒரு தலைமுறைக்குள் கற்றுக்கொண்டது. வீட்டுக்கு அந்தப் பாடம் வந்து சேரவில்லை. லிஸ்டரின் முதற்பாதி மட்டும் புட்டிகளில் அடைத்து வந்து சேர்ந்தது.

முதல் உலகப் போர் இந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்தியது. பிரான்சில் பூலோன் நகரத்துப் போர் மருத்துவமனையில் ஆம்ரோத் ரைட்டுடன் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி முட்கள்போல் இழுத்து, கிழிந்த காயத்தின் மூலைமுடுக்குகளை ஒத்த ஒரு மாதிரியைச் செய்தார். அதில் கிருமியுள்ள திரவத்தை நிரப்பிக் கொட்டி, கிருமிநாசினி ஊற்றி, அதையும் கொட்டிவிட்டுப் புதுத் திரவம் விட்டுவைத்தார். அடுத்த நாள் கிருமி மறுபடி பெருகியிருந்தது. முடுக்குகளில் ஒளிந்திருந்தவற்றை மருந்து தொடவே இல்லை. அதைவிட முக்கியமாக, அன்று வழங்கிய கிருமிநாசினிகள் கிருமிகளைக் கொல்வதற்கு முன் வெள்ளணுக்களைக் கொன்றுவிடுகின்றன என்றும் காட்டினார். பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் இதைச் சொன்னார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1985இல் லைன்வீவர் குழுவினர் பாவிடோன் அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவை, வழக்கமாகப் பயன்படுத்தும் வீரியத்தில், புதுச் சதையை உருவாக்கும் நார்த்திசு உயிரணுக்களுக்கு நஞ்சாகின்றன என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். அயோடினை மிக அதிகமாக நீர்க்கச் செய்தபோது உயிரணு பிழைத்தது, கிருமி மட்டும் செத்தது. ‘எரிந்தால்தான் கிருமி சாகும்’ என்பது நம் வழக்கு. அந்த எரிச்சலில் நம் சதையும் சேர்ந்து வேகிறது என்பதை வழக்கு சொல்லவில்லை.

அதற்காகக் கிருமிநாசினிகள் எங்குமே பயனற்றவை என்று சொன்னால் சான்றைத் திரிப்பதாகும். நேபாளத்தில் வீட்டுப் பிரசவங்களே மிகுந்த ஒரு மாவட்டத்தில், பச்சிளங் குழந்தையின் தொப்புள்கொடிக் காயத்தில் குளோர்ஹெக்சிடின் தடவியதால் சிசு இறப்பு 24 விழுக்காடு குறைந்ததாக 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே மருந்தை ஆப்பிரிக்காவில் சாம்பியாவிலும் பெம்பாத் தீவிலும் பெரிய அளவில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சாம்பலும் சாணியும் அழுக்குக் கையும் தொப்புளைத் தொடும் இடத்தில் கிருமிநாசினி உயிர் காக்கக்கூடும். சூழல் ஓரளவு தூய்மையாக இருக்கும் இடத்தில் அதற்குச் செய்வதற்கு அதிகம் இல்லை என்று கொள்வதே பொருத்தம். உலகச் சுகாதார நிறுவனமும் அதைச் சிசு இறப்பு மிகுந்த, வீட்டுப் பிரசவம் நடக்கும் பகுதிகளுக்கே பரிந்துரைத்தது. மற்ற இடங்களில் தொப்புளைத் தூய்மையாக, உலர்வாக விட்டாலே போதும் என்றது.

கழுவிய பிறகு என்ன செய்வது? ‘கட்டுப் போடாதே, காற்றாட விடு, பொருக்கு கட்டட்டும்’ என்பது பரவலான அறிவுரை. பிரிட்டனில் ஜார்ஜ் வின்டர் 1962இல் இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது: காயத்தின் ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் தோல் உயிரணுக்கள் ஈரப்பரப்பில் நேராக ஊர்கின்றன, பொருக்கு தட்டினால் அதன் அடியில் ஈரம் உள்ள ஆழத்துக்குக் குடைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் இது உறுதியாயிற்று. எனவே கழுவிய காயத்தை மெல்லிய வாசலின் பூச்சாலும் சுத்தமான கட்டாலும் மூடுவது ஆறுவதை விரைவாக்கும். வாசலினுக்குப் பதில் ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் இன்னும் நல்லதல்லவா? அமெரிக்காவில் 922 பேரின் 1,249 சிறு அறுவைக் காயங்களை வைத்து 1996இல் வெளியான ஒப்பீட்டில், வாசலின் வகைக் களிம்பு தடவியவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் பாசிட்ரேசின் தடவியவர்களில் 0.9 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது; புள்ளியியலின்படி அது பொருட்படுத்தத் தக்க வேறுபாடு அல்ல. ஒவ்வாமைத் தோலழற்சி வந்தவர்கள் பாசிட்ரேசின் பக்கத்தில் மட்டுமே இருந்தார்கள். நம் பவுடர்களிலும் களிம்புகளிலும் தாராளமாகக் கலக்கும் நியோமைசின், ஒவ்வாமைக்குப் பேர்போன மருந்துகளில் ஒன்று.

ஆன்டிபயாடிக் பற்றிய எதிர்வாதத்துக்கு உணர்ச்சி வலுவும் உண்டு. பெனிசிலின் ஊசி பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவரான ஆக்ஸ்ஃபோர்டு காவலர் ஆல்பர்ட் அலெக்சாண்டர், முகத்தில் ஏற்பட்ட சிறு காயம் பெருந்தொற்றாகி மருத்துவமனைக்கு வந்தவர். 1941 பிப்ரவரியில் மருந்து கொடுத்ததும் வியக்கத்தக்க விதத்தில் தேறினார். கையிருப்பு தீர்ந்துபோக, அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தும் போதாமல், மார்ச்சில் இறந்தார். சிறு காயத்தால் மனிதர் சாக முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் தொற்று வந்தபின் குணப்படுத்துவது வேறு, வராத தொற்றுக்கு முன்கூட்டிக் கொடுப்பது வேறு. 1961இல் ஜான் பர்க் செய்த சோதனைகள், தடுப்பு ஆன்டிபயாடிக் கிருமி நுழைவதற்கு முன் திசுக்களில் இருந்தால்தான் முழுப்பலன் தரும், மூன்று மணி நேரம் கழிந்தால் பலனில்லை என்று காட்டின. அறுவைக்கு முன் ஊசி போடுவதன் அடிப்படை இதுதான். மறுநாள் மருந்துக்கடையில் ‘அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுங்க’ என்று வாங்குவதற்கு இதில் இடமில்லை. சாதாரண வெட்டுக்காயங்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் ஆன்டிபயாடிக் தொற்றைக் குறைக்கவில்லை என்று 1995இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் முடிவுக்கு வந்தார்கள்.

என் வாதத்துக்கு எதிரான ஒரு நல்ல ஆய்வையும் மறைக்கக் கூடாது. தையலை நனைக்கலாமா என்று சோதித்த அதே குவீன்ஸ்லாந்துக் குழுவினர், தையல் போட்டதும் ஒரே ஒருமுறை குளோராம்பெனிகால் களிம்பு தடவினால் தொற்று 11 விழுக்காட்டிலிருந்து 6.6 விழுக்காடாகக் குறைகிறது என்று 2009இல் காட்டினார்கள். பலன் உண்டு என்பதை ஏற்க வேண்டும். அதே சமயம், தாங்கள் முன்கூட்டி வகுத்துக்கொண்ட அளவுகோலின்படி இந்தக் குறைவு நடைமுறையை மாற்றப் போதுமானதல்ல என்றும் அவர்களே எழுதினார்கள். ஏறத்தாழ 23 பேருக்குத் தடவினால் ஒருவருக்குத் தொற்று தவிரும். அந்தத் தொற்றும் பெரும்பாலும் எளிதில் தீர்வது. மறுபக்கத் தட்டில் இருப்பது மருந்துக்கு அடங்காத கிருமி. 2019இல் மட்டும் மருந்து எதிர்ப்புக் கிருமிகளால் உலகெங்கும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு. இந்தியாவில் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான வழித்தடத்தை 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்தது சென்னையில்தான். ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அதற்குப் பெயர். அந்தப் பெயரைச் சுமக்கும் ஊரில், தானே ஆறிவிடும் சிராய்ப்புக்கு மியூப்பிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பைப் பிதுக்குவதை எளிதில் நியாயப்படுத்த முடியாது.

மரபின் பக்கமிருந்து வரும் எதிர்வாதத்துக்கும் மதிப்போடு விடை சொல்ல வேண்டும். காயம் பற்றிய கவனம் தமிழுக்குப் புதிதல்ல. போரில் பட்ட வெட்டை நீண்ட ஊசியால் தைத்த தழும்பைப் பதிற்றுப்பத்தில் பரணர் பாடியிருக்கிறார். புண்பட்ட வீரன் படுத்திருக்கும் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவிக் காவல் காத்ததைப் புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டுகிறார். மஞ்சள் பற்றிய பெருமைக்கு அண்மைக் காலச் சான்றாகச் சொல்லப்படுவது காப்புரிமை வழக்கு. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா 1995இல் வழங்கிய காப்புரிமையை இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடி 1997இல் ரத்து செய்ய வைத்தது. பெருமைப்படத் தக்க வெற்றிதான். ஆனால் அந்த வழக்கில் நிரூபணமானது, அந்தப் பயன்பாடு புதுமையானது அல்ல, நம்மிடையே காலங்காலமாக இருப்பது என்பது. சமையலறை மஞ்சள்தூள் தொற்றைத் தடுக்குமா என்பது அங்கே விசாரணைப் பொருளே அல்ல. மஞ்சளிலுள்ள குர்குமினுக்கு ஆய்வகத்தில் கிருமியை அடக்கும் குணம் உண்டு. டப்பாவில் உள்ள தூளில் மண்ணின் கிருமி வித்துகளும், நிறத்துக்காகச் சேர்க்கும் ஈயக் குரோமேட் போன்ற கலப்படமும் இருக்கக்கூடும். தூளாக இருப்பதாலேயே அது காயத்தில் அந்நியப் பொருளாகத் தங்குகிறது. காப்பித்தூளுக்கும் சுண்ணாம்புக்கும் இது பொருந்தும். தேனின் கதை சற்று வேறு: மேலோட்டமான தீப்புண்களைத் தேன் விரைவாக ஆற்றுகிறது என்பதற்குச் சான்று உண்டு.

இந்த வாதத்துக்குத் தண்ணீரால் தீராத எல்லைகள் உண்டு. முதலாவது வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ். அதன் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருப்பவை. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயத்தில் முளைத்து நஞ்சை உண்டாக்குபவை. காயம் ஆறி மறந்தபின்னும் நோய் வரலாம். இதற்குக் காப்பு தடுப்பூசி மட்டுமே. அதைப் பற்றியும் தவறான வழக்கு ஒன்று இருக்கிறது: காயம் பட்டால் டி.டி. ஊசி, அது ஆறு மாதம் தாங்கும் என்பது. உண்மையில் காப்பைத் தருவது சிறுவயதில் முறையாகப் போட்டு முடித்த தடுப்பூசித் தொடர். அது முழுமையாக இருந்தால் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி போதும். அழுக்கான காயமென்றால் கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். தொடரே போடாதவருக்கு, குறிப்பாக மண்ணில் உழைக்கும் முதியவர்களுக்கு, ஒற்றை ஊசி போதாது. தொடரை முடிக்க வேண்டும். இந்தியா 2015இல் தாய்சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, தூய கையோடும் தூய பிளேடோடும் நடந்த பிரசவம் ஆகிய இரண்டும் சேர்ந்து சாதித்தது அது.

இரண்டாவது எல்லை நாய்க்கடி. கடியோ கீறலோ எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது வெறிநாய்க்கடி நோய்க்கு எதிரான முதல் தற்காப்பு. ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும், ரத்தம் வந்தால் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். கழுவிய பின் பாவிடோன் அயோடின் தடவுவது இங்கே முறையானது. மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் தடவுவது வைரஸை ஆழத்துக்குத் தள்ளும். மூன்றாவது ஆணி, முள் போன்ற குத்துக்காயம். வாய் சிறிது, ஆழம் அதிகம். தண்ணீர் எட்டாத அந்த இடத்துக்கு மருத்துவர்தான் வேண்டும். நான்காவது நீரிழிவு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு. நரம்பு மரத்த பாதத்தில் காயம் பட்டதே தெரியாது; ரத்த ஓட்டம் குறைந்த காலில் வெள்ளணுக்கள் போதிய அளவில் வந்து சேரா. மற்றவருக்குச் சிராய்ப்பாக முடிவது இவருக்குப் புரையோடி விரலை எடுப்பதில் முடியலாம். ஆகவே நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் சிறு காயம் என்று ஒன்று கிடையாது.

இவற்றைக் கூட்டினால் கிடைக்கும் முறை எளியது. முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால், இடையில் எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஓடும் நீரில் கழுவி, கண்ணுக்குத் தெரியும் மண்ணையும் துகளையும் எடுத்துவிடுங்கள். வாசலின் மெல்லப் பூசி, கட்டுப் போடுங்கள். கட்டு நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றுங்கள். தீக்காயமென்றால் பற்பசையோ மையோ வேண்டாம், 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர் போதும். இரண்டாம் நாளுக்குப் பின் வலி குறைவதற்குப் பதில் கூடுவது, சிவப்பு பரவுவது, சூடும் வீக்கமும், சீழ், காயத்திலிருந்து மேலேறும் சிவந்த கோடு, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுவது, காய்ச்சல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். அப்போது ஆன்டிபயாடிக் கொடுப்பதில் தயக்கம் கூடாது. அதற்காகத்தான் அந்த மருந்தைப் பாதுகாக்கச் சொல்கிறோம். வாய் பிளந்த காயம், அழுத்தியும் நிற்காத ரத்தம், மூட்டின் மேல் பட்ட வெட்டு, உணர்வோ அசைவோ குறைந்த விரல் ஆகியவை முதலிலேயே மருத்துவமனைக்கு உரியவை.

கடைசியாக ஓர் எதிர்வாதம்: மக்களுக்கு ஏதாவது போட்டால்தான் திருப்தி, வெறும் தண்ணீரை யார் சிகிச்சையாக ஏற்பார்கள் என்பது. கைகழுவுதலைப் பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்றுக்கொண்ட மக்களைப் பற்றி அவ்வளவு குறைவாக நினைக்கத் தேவையில்லை. தடை பெரும்பாலும் மனத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றதோடு, கழுவும் வசதிக்கும் தனிப் பிரிவு வகுத்தது. இரண்டும் காயத்துக்கான ஏற்பாடுகளே என்று சேர்த்துப் படிக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. பட்டறையிலும் கட்டடப் பணியிடத்திலும் பள்ளியிலும் பெட்டி நிறையக் களிம்பு இருக்கும். பக்கத்தில் குழாயும் சோப்பும் இருக்காது. களிம்புக்கு விளம்பரம் செய்ய ஆள் உண்டு, ஓடும் தண்ணீருக்கு இல்லை. எனவே முதலுதவிப் பயிற்சி குழாயடியில் தொடங்க வேண்டும். பெட்டியின் பட்டியலில் சோப்பும் கட்டுத்துணியும் வாசலினும் முதலிடம் பெற வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையங்கள் பெரியவர்களின் தடுப்பூசித் தொடரையும் கேட்டு முடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் பவுடர் மருத்துவர் சீட்டில்லாமல் கைமாறக் கூடாது. இந்த நான்கும் பெருஞ்செலவு கேட்பவை அல்ல. அடிபட்டவரிடம் ‘என்ன போட்டே?’ என்பதற்கு முன்பாக ‘நல்லாக் கழுவினியா? ஊசி எப்பப் போட்டது?’ என்று கேட்கும் ஒரு தலைமுறையைப் பள்ளிக்கூடமே உருவாக்கிவிடும். அதற்கான பாடம் ஒரு வகுப்பு நேரத்தில் அடங்கும்.